வாங்காமல் போன கொசுறு

பேய் வந்து தங்குவதென்றால் வீடு பழசாக இருக்க வேண்டும், சுவரில் அரசங்கன்று முளைத்திருக்க வேண்டும், கதவு முனக வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார்கள். சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் ஓட்டல் ஸ்விஸ் டீலக்ஸ் கட்டி முடித்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. கதவுகளில் வார்னிஷ் இன்னும் காயவில்லை. சாத்தினால் ஒட்டிக்கொள்ளும்; திறக்க இரண்டு ஆள் வேண்டும். முனகுவது கதவு அல்ல, திறக்கிறவன்.

எண்பத்தாறாம் வருஷம் மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, அருள்நாதன் டிரங்குப் பெட்டியோடு அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினான். புது மேனேஜர். ஆனால் தற்காலிகம். முதலாளி முனிரத்தினம் வாசலிலேயே நின்று நிலவரத்தைச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கெழம கம்பெனி ஆபீசர் வர்றாரு. ஒண்ணாம் நம்பர் ரூமைப் பாத்து சரின்னுட்டார்னா மொத்த லாட்ஜையும் வருஷத்துக்கு எடுத்துக்குவாங்க. நீ பர்மனென்ட். மொட்டமாடி வூடு உனுக்கு. வாணான்னுட்டார்னா, இந்தப் பொட்டிய கீழ வைக்காத, அப்படியே அடுத்த பஸ்ஸு ஏறிடு."

அருள்நாதனுக்கு வேண்டியதும் அந்த மொட்டைமாடி வீடுதான். கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவி ரூத் இன்னும் படப்பையில் அம்மா வீட்டில் இருந்தாள். "ஒரு வூடு பாருங்க, அன்னிக்கே வரேன். அதுவரைக்கும் லெட்டர் போடாதீங்க, எங்கம்மா படிச்சி சிரிக்கிது" என்று சொல்லியிருந்தாள்.

அதற்கு முந்தின வருஷம்தான் சுங்குவார்சத்திரத்துக்குத் திடீரென்று மூக்கு முளைத்திருந்தது. அதுவரை ஊருக்கு வாய் உண்டு, காது உண்டு. மூக்கு இருந்ததாகத் தகவல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்ற பேச்சு வந்தது. பேச்சு வந்ததும் கடைத்தெருவில் ஒவ்வொருவராகக் கைக்குட்டை வாங்கினார்கள். மாட்டுத் தொட்டி நாறியது. செருப்பு தைக்கிற இடம் நாறியது. பரோட்டாக் கடை கூல் பார் ஆனது. முடிவெட்டும் கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே பினாயில் ஊற்றினார்கள். கடைசியில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்த கருவாட்டு வரிசை எல்லோருக்கும் குமட்டியது. முந்தின வாரம் வரை அங்கே வாங்கிக் குழம்பு வைத்து, ராத்திரி மிச்சத்தை மறுநாள் காலையிலும் தொட்டுக்கொண்ட அதே ஆட்களுக்கு.

இடத்தை முனிரத்தினம் வாங்கினார். காலி செய்ய வைக்க அருள்நாதனை அனுப்பினார். அப்போது அவன் அவரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். ஏழு பேரில் ஆறு பேர் போய்விட்டார்கள். பாப்பம்மாள் மட்டும் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு கூட நெத்திலி மிச்சம் கீது நைனா. இது வித்துட்டா நான் போய்னே இருப்பேன். சரக்கோட எந்திரிச்சிப் போற பழக்கம் நமக்கு இல்ல."

அவன் அம்மா இருந்தவரை பாப்பம்மாளிடம்தான் வாங்கினாள். அதனால் அவனுக்கு அவள் பழக்கம் தெரியும். தெரிந்துதான் மொத்தக் கூடையையும் அவனே வாங்கினான். வாங்கி, அவள் கண் முன்னாலேயே கால்வாயில் கொட்டச் சொல்லிவிட்டு, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கிளம்பினான்.

அங்கேதான் தப்பு செய்தான்.

அந்த வரிசையில் நிறுத்துக் கொடுத்தால் மட்டும் வியாபாரம் முடிந்துவிடாது. பொட்டலம் கட்டியபின் ஒரு பிடி நெத்திலி மேலாக விழ வேண்டும். கொசுறு. அது விழாதவரை விற்றவள் எழுந்திருக்கக் கூடாது. பாப்பம்மாள் இதில் ரொம்பக் கறார். மறந்துவிட்டுப் போன ஆளைத் தேடி, குட்டையான இடதுகாலை இழுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, வாலாஜாபாத் பஸ் பின்னாலேயே ஓடி, ஜன்னல் வழியாக மடியில் போட்டுவிட்டு வந்தவள். டீக்கடை மாஸ்டர் ராமன் அந்த ஓட்டத்தை நடித்தே காட்டுவார்.

அன்றைக்கும் கையில் ஒரு பிடியோடு எழுந்தாள். "நைனா, கொசுறு."

"வேணாம்" என்றான் கைக்குட்டைக்குள்ளிருந்து. பஸ் கிளம்பியது. ஏறிக்கொண்டான். அவள் பின்னால் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் திரும்பி வந்து காலி வரிசையில் உட்கார்ந்தாள். அப்படியே செத்தும் போனாள். மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை. தாண்டிப் போனவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனார்கள். "கருவாட்டு நாத்தம், இன்னும் போவல பாரு" என்று பேசிக்கொண்டே போனார்கள். நாலாம் நாள், மண் வெட்ட வந்த மாரிதான் கிட்டே போய்ப் பார்த்தான். பார்த்தவன் அப்புறம் ஒரு மாசம் சோறு தின்னவில்லை. வலது கை இறுக மூடியிருந்தது. பிரிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. அப்படியே புதைத்தார்கள்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் ஒன்றாம் நம்பர் அறை வந்தது. ஊரிலேயே முதல் ஏர்கண்டிஷன் அறை.

நாற்றம் அந்த அறையில் உச்சி வெயிலுக்குத்தான் வரும். கருவாடு காய்கிற நேரம். ஒரு இன்சூரன்ஸ்காரர் மத்தியானத் தூக்கத்துக்குத் தலையணையில் முகத்தைப் புதைத்தார். எழுந்தபோது கன்னத்தில் வரிசையாகச் செதில் ஒட்டியிருந்தது. இன்னொருவர் குடிதண்ணீர் ஜாடியோடு கீழே வந்து, "வேற தண்ணி இருக்குங்களா, இது என்னைப் பார்க்குது" என்றார். எண்ணெய்ப் படலத்தின் மேல் மிளகு அளவில் ஒரு கண் மிதந்தது.

செவ்வாய்க்கிழமை பினாயில். புதன்கிழமை சாம்பிராணி. வியாழக்கிழமை மாரியைக் கூப்பிட்டுத் தரையை உடைத்தார்கள். இரண்டடி கீழே உப்பு. ஈர உப்பு, சீழ் நிறத்தில். அள்ள அள்ளக் கசிந்தது. கூடவே சாம்பல் நிறத் தலைமுடி, சுருள் சுருளாக, முழ நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

"மூடிடவா சார்?" என்றான் மாரி. அவன் குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"மூடு."

"இது யாருன்னு தெரியும் இல்ல சார்?"

"மூடுன்னேன்."

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அறையில் நாற்றமே இல்லை. அருள்நாதன் ஜெபமாலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி ஆபீசர் இராமச்சந்திரன் காரில் வந்து இறங்கினார். வந்ததும் மூக்கை லேசாக உயர்த்தி ஊரை ஒரு தடவை முகர்ந்தார். முனிரத்தினம் அவரை வரவேற்பறையில் உட்காரவைத்து, குளிர்பானம் கொடுத்துவிட்டு, அருள்நாதனுக்குக் கண் காட்டினார். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வா.

அருள்நாதன் ஒன்றாம் நம்பர் அறைக்குள் போனான். கதவு பின்னால் தானாக மூடி, வார்னிஷில் ஒட்டிக்கொண்டது.

குளிர்ச்சியாக இருந்தது. ஏர்கண்டிஷனுக்காக ஜன்னலை அடைத்துவிட்டார்கள். கெட்டியான பச்சைத் திரை. வெளியே மே மாத வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே ஒரு சின்ன பல்புதான் வெளிச்சம். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தான். எலுமிச்சை சென்ட்.

கரண்ட் போயிற்று.

ஏர்கண்டிஷன் ஒரு தடவை குலுங்கி, கடைசி மூச்சை விட்டுவிட்டு நின்றது. உச்சிப் பகலில் அவ்வளவு இருட்டை அவன் பார்த்ததில்லை. கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தான். தெரியவில்லை.

யாரோ சாக்கை உதறினார்கள்.

அப்புறம் தராசுத் தட்டு தரையில் படுகிற சத்தம். உட்காருகிறவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு விடுகிற பெருமூச்சு.

முதலில் வந்தது நெத்திலி வாசனை. அது நாணயமான வாசனை. அம்மாவின் அடுப்படியில் இருந்தது. அதற்கு அடியிலிருந்து இன்னொன்று மெல்ல மேலே வந்தது. இனிப்பாக, கொழகொழவென்று, தொண்டைக்குள் விரலை விடுவதுபோல. மே மாத வெயிலில் மூன்று நாள் கேட்பாரற்றுக் கிடந்த நாற்றம்.

அவன் கைக்குட்டையைத் தேடினான். பையில் இல்லை.

"நைனா."

காதுக்குப் பக்கத்தில்.

"கொசுறு வாங்காம பூட்டியே."

அவன் கதவை இழுத்தான். ஒட்டியிருந்தது.

"ரொம்ப நாளா பிடிச்சிகினே கீறேன். கை வலிக்குது நைனா."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவன் முதுகை நனைத்தது. வெளியே வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. முனிரத்தினத்தின் சிரிப்பு கேட்டது. வாங்கிக்கொண்டால் போய்விடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. அதைவிட நல்ல யோசனை அந்த நேரத்தில் யாருக்கும் வந்திருக்காது. வலது கையை இருட்டுக்குள் நீட்டினான்.

அவன் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஈரமாக, நறநறவென்று உப்போடு.

இன்னொரு கை அவன் உள்ளங்கைக்கு மேலே பிரிந்தது. ஒவ்வொரு விரலாக. சுள்ளி ஒடிவதுபோல் ஐந்து சத்தம்.

ஒரு பிடி விழுந்தது.

அது காய்ந்ததாக இல்லை. கனமாக இருந்தது. அதற்குள் அரிசி அரிசியாக ஏதோ நெளிந்தது.

"முடிஞ்சிது" என்றாள் பாப்பம்மாள், நிம்மதியாக. மணிக்கட்டைப் பிடித்திருந்த கை இல்லாமல் போனது. நாற்றமும் நொடியில் போனது. இப்போது அது அவன் கையில் மட்டும் இருந்தது.

கதவை வெளியிலிருந்து தள்ளினார்கள். "கொஞ்சம் டைட்டு சார், புது வார்னிஷ்" என்றார் முனிரத்தினம்.

அருள்நாதன் அலமாரியை இழுத்தான். ஒட்டியிருந்தது. குளியலறைக் கதவு. ஒட்டியிருந்தது. ஜன்னலோ அடைத்துக் கிடந்தது. கட்டிலடியில் போட்டால் நாற்றம் விசிறியடிக்கும். பேன்ட் பைக்குள் போட்டால் கசியும். மொட்டைமாடி வீடும், ரூத்தும், அந்தக் கதவு திறக்கிற ஒரு நொடியும்தான் மிச்சம்.

அவன் வாயில் போட்டுக்கொண்டான்.

கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. கரண்ட் வந்தது. ஆபீசர் உள்ளே வந்து, நாலு பக்கமும் முகர்ந்து, விரிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"பரவாயில்லையே. இந்த ஊரில் ஒரு நாத்தமும் இல்லாத இடம் இதுதான்" என்றார். பிறகு அருள்நாதனைப் பார்த்தார். "நீங்கதான் மேனேஜரா?"

அருள்நாதன் தலையாட்டினான். நாக்குக்கு அடியில் ஏதோ வழி தேடியது.

"ரூமைப் பற்றி ஏதாவது சொல்லணுமா?"

இல்லை என்று தலையாட்டினான். கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கினான். ஒரே தடவையில் போகவில்லை.

"அளவா பேசறார்" என்றார் ஆபீசர் முனிரத்தினத்திடம். "இந்த மாதிரி ஆள்தான் வேணும்."

வேலை பர்மனென்ட் ஆனது. அன்று மாலைக்குள் அருள்நாதன் ஒரு டியூப் பற்பசையைத் தீர்த்தான். மறுநாளும் ஒன்றாம் நம்பர் அறையில் எலுமிச்சைதான் மணத்தது. அவன் சட்டை மட்டும், வியர்த்துக் காய்ந்ததும், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து நின்றது. மொட்டைமாடி வீட்டு வாசலில் ஏழு பூனைகள் வந்து உட்கார்ந்திருந்தன. விரட்டினால் போகவில்லை. அவன் வாயையே பார்த்தன.

வீடு கிடைத்த சேதி எட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, உச்சி வெயிலில் ரூத் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு பை. சாலையைத் தாண்டி வந்து, ஸ்விஸ் டீலக்ஸை அண்ணாந்து பார்த்து, ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இம்மாம் பெருசா. நம்ம வூடு எது?"

அவன் மேலே காட்டினான். பையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். வைத்து, கையை எடுத்தான்.

ரூத் குனிந்து பார்த்தாள். சாவியோடு கூட, ஈரமாக, கண் திறந்தபடி, ஒரு நெத்திலி கிடந்தது.

"இன்னாங்க இது?"

ஒன்றும் இல்லை, தட்டி விடு என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான்.

"கொசுறும்மா" என்றது வாய், சாக்கு உரசுகிற குரலில். "வச்சிக்க."

குரலோடு சேர்ந்து அதுவும் வெளியே வந்தது. மூன்று நாள் நாற்றம். ரூத் இரண்டடி பின்னால் போனாள். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டாள். குனிந்து சாவியைப் படியில் வைத்தாள், மீனோடு.

"வேணாம்" என்றாள் கைக்குட்டைக்குள்ளிருந்து.

வந்த பஸ் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. அவள் ஏறிக்கொண்டாள். அது கிளம்பியது.

அருள்நாதன் குனிந்து நெத்திலியை எடுத்தான். விரல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அவன் மூடவில்லை. பேன்ட்டை முழங்காலுக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு, நேற்று வரை நன்றாயிருந்த இடதுகாலை இழுத்து இழுத்து, பஸ் பின்னால் ஓடத் தொடங்கினான்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த ராமன் கையை நிறுத்தினார். "இந்த ஓட்டத்தை எனக்குத் தெரியுமே" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பஸ்ஸின் கண்ணாடியில் ரூத்தின் முகம் ஒரு நொடி தெரிந்தது. அப்புறம் அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் கை வலிக்கத் தொடங்கியிருந்தது.