மிதியில் தயங்கிய கால்

துளசிமணியின் கார் சாதிக்கின் பட்டறைக்கு வந்தால் மட்டும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி நடந்துகொண்டது. விரலை வைத்தால் கிளம்பியது. வீட்டு வாசலிலும், அவள் வேலை பார்க்கும் பம்ப்செட் தொழிற்சாலையின் வாசலிலும், வாரத்தில் பாதி நாள் அதே வண்டி விளக்கையெல்லாம் எரியவிட்டு, அடிவயிற்றிலிருந்து முனகி, அடங்கிவிடும். பத்து நிமிடம் காத்திருந்தால் எதுவும் நடக்காததுபோலக் கிளம்பும். ஆத்திரத்தில் திரும்பத் திரும்ப விரலை வைத்தால் அரைமணி நேரத்துக்குத் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். துளசிமணிக்கு ஆத்திரம் அதிகம் என்பதால் இதை அவள் சீக்கிரமே தெரிந்துகொண்டாள்.

“பேட்டரி புதுசு போட்டாச்சுங்க்கா. வயரெல்லாம் பாத்தாச்சு. இதுல ஒரு கோளாறும் இல்லீங்க,” என்றான் சாதிக்.

“அப்ப கோளாறு எனக்கா?”

சாதிக் குனிந்து கருவிகளை எடுத்து அடுக்கினான். அவளிடம் எப்போது பேசக்கூடாது என்பது அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவள் மகள் இனியாவுக்குப் பொள்ளாச்சி மண்டபத்தில் நிச்சயதார்த்தம். மகளைத் தானே ஓட்டி அழைத்துப்போய், மாப்பிள்ளை வீட்டார் தரும் தாம்பூலத் தட்டைத் தன் கையாலேயே வாங்குவதென்று துளசிமணி முடிவு செய்திருந்தாள். கணவன் மோகனசுந்தரம் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொழுந்தன் சிவநேசன் அதற்குள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தான். “அண்ணி, நீங்க பின்னால இருந்து பாத்துக்குங்க. தட்ட எங்க வீட்டுக்காரி வாங்கிக்கட்டும். நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.” தெரியும் என்பதால்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அந்த நாலு பேரோடு மல்லுக்கட்டத் தெம்பைச் சேர்த்துவைத்திருந்தாள். நடுவில் இந்த வண்டியும் காலை வாரினால் என்னதான் செய்வது?

மனிதன் நினைத்தவுடன் வண்டி கிளம்பிய காலம் போய்விட்டது. இப்போது எல்லா வண்டிகளிலும் முன்னுணரி உண்டு. கிளம்பலாமா கூடாதா என்பதை அதுதான் தீர்மானிக்கும். முகப்பில் ஒரு கண், மிதியில் ஒரு உணர்தகடு. கண் எதிரே இருப்பதைப் பார்க்கும். தகடு ஓட்டுபவரின் கால் தயங்குகிறதா என்று பார்க்கும். தெருவில் பந்து உருண்டு வந்தால் அனுபவசாலியின் கால் தானாகவே தயங்கும், பின்னாலேயே ஒரு குழந்தை ஓடிவரும் என்று தெரியுமே. இப்படி நாட்டிலுள்ள ஓட்டுநர்கள் எதையெதைப் பார்த்துத் தயங்கினார்களோ அதையெல்லாம் முன்னுணரி கற்று, எல்லா வண்டிகளுக்கும் சொல்லிக்கொடுத்தது. விபத்துகள் பாதியாகக் குறைந்தன. சனங்கள் சந்தோஷமாகச் சாவிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

துளசிமணிக்குத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. தண்ணீர் ஏற்றாத பம்ப்பை எப்படிப் பார்ப்பாளோ அப்படியே வண்டியையும் பார்த்தாள்: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. சாதிக் ஏறினால் கிளம்பியது. அவளும் இனியாவும் சேர்ந்து வந்தால் கிளம்பியது. மழைக்கு முக்காடு போட்டு ஓடிவந்த அன்றும் கிளம்பியது. பட்டறையில் வண்டி சுவரைப் பார்த்து நிற்கும். அவள் எப்போதும் பின்பக்கமாக வந்துதான் ஏறியிருக்கிறாள்.

“சாதிக், வண்டியத் திருப்பி ரோட்டப் பாத்து நிறுத்து.”

நிறுத்தினான். அவள் ரோட்டிலிருந்து தனியாக, வண்டிக்கு நேர் எதிரே நடந்து வந்து, ஏறி, விரலை வைத்தாள். வண்டி முனகி அடங்கியது.

“என்னைய எதிர்ல பாத்தா நிக்குது,” என்றாள்.

சாதிக் துடைத்த கையையே மறுபடி துடைத்தான். அவன் பார்வை அவள் நெற்றிக்குப் போய், கழுத்துக்கு இறங்கி, அவசரமாகத் தரைக்கு வந்தது.

“என்னன்னு சொல்லு.”

“என் வீட்டுக்காரியும்தான் பொட்டு வெக்கறதில்லீங்க்கா. அவளுக்கு நிக்கறதில்ல. இது பொட்ட மட்டும் பாக்கலீங்க. வயசு, வெறுங்கழுத்து, தனியா எதிர்ல வர்றது, எல்லாத்தையும் சேத்துப் பாக்குது. சனங்க எதப் பாத்து நின்னாங்களோ அதத்தானுங்க இது படிச்சிருக்கு.”

துளசிமணி இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெண் பார்க்கப் போகையில், புது வண்டியை முதன்முதலாக எடுக்கையில், எதிரே தாலியில்லாத ஒருத்தி வந்ததும் மிதியில் தயங்கி, அவள் கடந்துபோகட்டும் என்று காத்திருந்த எத்தனை லட்சம் கால்கள். கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதெல்லாம் அந்தக் காலமுங்க என்று சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே அவளை ஓர் ஆபத்து என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு பொட்டும் கவரிங் செயினும் போட்டுக்கிட்டீங்கன்னா கண்ண ஏமாத்திரலாமுங்க,” என்றான் சாதிக் தயங்கித் தயங்கி.

“காரியத்தன்னைக்கு என்னையக் கேட்டா அழிச்சாங்க? திரும்ப வெச்சா எனக்குப் பிடிச்சு வெப்பேன். இந்தத் தகர டப்பாவுக்குப் பயந்துக்கிட்டு வெக்க மாட்டேன்.”

முன்னுணரி நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடித்தாள். தேன் தடவிய குரலில் ஒரு பெண் பேசினாள். “நாங்கள் எந்த விதியும் எழுதவில்லை, அம்மா. மக்கள் ஓட்டியதைத்தான் முன்னுணரி கற்றுக்கொண்டது.”

“மக்கள் மேல பழியப் போட்டுட்டு நீங்க காசு வாங்கிக்கறீங்க. இத எப்படி அழிக்கறது, அதச் சொல்லுங்க.”

வழி இருந்தது. வேறொருவர் ஓட்டுநராக உட்கார வேண்டும். தடுக்கப்பட்டவர் எதிரே வர வேண்டும். ஓட்டுநர் இறங்கி, அவரை அழைத்து, முன் இருக்கையில் உட்காரவைத்துக் கிளம்ப வேண்டும். ஓட்டுநரின் கால் மிதியில் தயங்காவிட்டால் அந்த வண்டி பழைய பாடத்தை மறந்துவிடும்.

“அந்த ஒரு வண்டி மட்டுந்தானா?”

“ஆமாம், அம்மா. எல்லா வண்டிகளும் மறக்க வேண்டுமென்றால் பெரும்பான்மையான கால்கள் தயங்காமல் இருக்க வேண்டும்.”

துளசிமணி இணைப்பைத் துண்டித்தாள். சாதிக் அன்று மதியமே உச்சி வெயிலில் அவளை எதிரே நடக்கவிட்டான். இறங்கி வந்து, “வாங்க்கா, ஏறுங்க, வெயில் மண்டையப் பொளக்குது,” என்று கதவைத் திறந்தான். அவன் கவலையெல்லாம் வெயிலைப் பற்றித்தான். மிதித்தான், வண்டி கிளம்பியது. அதன்பின் அவள் எதிரே எத்தனை முறை வந்தாலும் அது முனகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வீட்டுத் தெருவில் சொந்தக்காரர்களின் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. முதல் வண்டி சிவநேசனுடையது. பூச்சரம் கட்டி, யாரையும் கேட்காமல் இனியாவை அதில் ஏற்றியிருந்தான். துளசிமணி பட்டுப் புடவையோடு வாசலுக்கு வந்ததும் ஓடிவந்தான்.

“அண்ணி, நாங்க கிளம்பிப் போனதுக்கப்புறம் நீங்க வாங்க. முன்னால வந்து நிக்காதீங்க. நல்ல காரியம், கோவிச்சுக்காதீங்க.”

“கோவிச்சுக்கல,” என்றாள் துளசிமணி. பச்சைப் பொய். சுற்றிக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். அங்கிருந்து திரும்பி, நடுத்தெருவில், தனியாக, நிமிர்ந்த தலையோடு, வண்டி வரிசைக்கு எதிரே நடந்துவந்தாள். ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் நின்று அதன் கண்ணுக்கு முகத்தைக் காட்டினாள்.

சிவநேசனின் வண்டி முனகி அடங்கியது. அடுத்தது முனகியது. அதற்கடுத்ததும். தெரு முழுக்க முனகல். நல்ல நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் எல்லோரும் மறுபடி மறுபடி விரலை வைக்க, ஒவ்வொரு வண்டியாகப் பூட்டிக்கொண்டது. சிவநேசன் மட்டும் புத்தியாக ஒரே தடவையோடு நிறுத்தியிருந்தான்.

“என்ன அண்ணி பண்ணுனீங்க?”

“நடந்து வந்தேன். அவ்வளவுதான்.” என்ன செய்தால் வண்டி கிளம்பும் என்பதையும் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவன் முகம் கறுத்தது. ஆனாலும் நேரமாகிறதே. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தெருவே கேட்க, “வாங்க அண்ணி, முன்னால உக்காருங்க,” என்றான். அவள் உட்கார்ந்தாள். அவன் ஏறி, பக்கத்தில் இருந்தவளின் வெறும் நெற்றியை ஓரக்கண்ணால் பார்த்து, மிதித்தான். வண்டி முனகியது.

“அதான் கூப்பிட்டனே, இன்னும் என்னவாம் இதுக்கு?” என்று விரலை அழுத்தினான், மறுபடியும் அழுத்தினான். வண்டி பூட்டிக்கொண்டது.

“வாயி கூப்பிட்டுது சிவநேசா. காலு கூப்பிடல.”

பின் இருக்கையிலிருந்து இனியா இறங்கினாள். “அம்மா, நேரமாச்சு. நம்ம வண்டிலயே போயிரலாம், வா.” பூட்டிக்கிடந்த வண்டிகளைத் தாண்டி அவர்கள் இருவரும் மட்டும் போனார்கள்.

மண்டபத்தில் புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா தட்டோடு காத்திருந்தாள். துளசிமணியின் நெற்றியைப் பார்த்ததும் அவள் கை அரைக்கணம் பின்வாங்கியது. பெண் வீட்டிலிருந்து வேறு சுமங்கலி யாராவது வருகிறாளா என்று வாசலைப் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை.

“நேரம் முடியப்போகுதும்மா, குடுத்துருங்கோ,” என்றார் புரோகிதர்.

அவள் தட்டை நீட்டினாள். “உங்க சொந்தக்காரங்கெல்லாம் எங்கீங்க?”

துளசிமணி இரண்டு கையாலும் தட்டை இறுகப் பிடித்து வாங்கினாள்.

“வண்டி கிளம்பலீங்க. எல்லா வண்டிக்கும் ஒரே கோளாறு.”