ரிமோட் 1: இணைப்பில் உள்ளது

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் பிற்பகலில், டெனிசன் எங்கள் வீட்டுக்குப் புது ரிமோட் வாங்கிக்கொண்டு வந்தான். படப்பையில் காலையிலிருந்தே விடாத தூறல். மழைக்கோட்டைக் கழற்றி வாசல் கொடியில் மாட்டிவிட்டு, கைக்குட்டையால் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

“இன்னா அண்ணி, மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு கீறீங்க? இந்தாங்க, புதுசு. இனிமே வூடு கலகலன்னு இருக்கும்.”

என் மகள் ஜெர்சி அறைக்குள்ளிருந்தே பதில் கொடுத்தாள். “கலகலப்பு கடைல கெடைக்குதா சித்தப்பா? எனக்கும் அரைக்கிலோ வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?”

“பத்தாவது படிக்கிற வாயா இது? வக்கீலு வாயி.”

அவன் சிரித்தான். நானும் சிரிக்க முயன்றேன். அவனோடு சேர்ந்து ஏதோ ஒரு வாடையும் உள்ளே வந்திருந்தது. தெருக் கால்வாய் நிரம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய ரிமோட் என் கணவர் ரிச்சர்டோடு போய்விட்டது. அவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். ஜெர்சி பத்தாம் வகுப்புக்குப் போனதும், அவள் படிக்க வேண்டுமென்று, இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது ரிமோட்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். திரும்பி வந்து வாசல் கேட் அருகே வண்டியை நிறுத்தி, பையிலிருந்து அதை எடுத்து அழுத்துவார். உள்ளே டிவி தானாக விழித்துக்கொள்ளும். “கடத்தல்காரர் வந்துட்டாரும்மா” என்பாள் ஜெர்சி.

அக்டோபர் மழையில் ஓர் இரவு அவர் வரவில்லை. காலையில் வடக்குப்பட்டுப் பக்கம் ஏரிச் சாலைக்குக் கீழே, தண்ணீரிலிருந்து அவரையும் வண்டியையும் எடுத்தார்கள். பை கிடைக்கவில்லை.

டெனிசன்தான் செய்தி கொண்டுவந்தான். அதே கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்தவன். ரிச்சர்டைக் கூடப்பிறந்த அண்ணனாக நினைத்தவன். “ஷிப்டு முடிஞ்சி யாரோடயோ உக்காந்து குடிச்சாரு அண்ணி. நான் கம்பெனி பஸ்ல வந்துட்டேன். இட்டுக்கினு வந்திருக்கணும். வுட்டுட்டேன்” என்று வாசற்படியில் தலையை மோதிக்கொண்டு அழுதான். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவனும் அவன்தான்.

குடித்திருந்தார் என்பதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. ஜெர்சி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று அவள் தலையில் கைவைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சொன்னவர் அவர். அத்தனை வருடமும் தொடவில்லை என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். ஒரு மனிதர் செத்துப்போனால் அழலாம். நம்மை ஏமாற்றிவிட்டுச் செத்துப்போனால் என்ன செய்வது? ஜெர்சி அவருடைய படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். மறுநாள் கல்லறைக்கு வரமாட்டேன் என்று அன்று காலைதான் சொல்லியிருந்தாள். “என் தலைல கை வெச்சுப் பொய் சொன்னவருக்கு நான் எதுக்கும்மா மெழுகுவத்தி ஏத்தணும்?”

மெழுகுவத்திப் பொட்டலத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

டெனிசன் ரிமோட்டில் பேட்டரியைப் போட்டு, வீடு போல் படம் போட்ட பட்டனை அழுத்திப் பிடித்தான். சிறிய விளக்கு மஞ்சளாகச் சிமிட்டியது. டிவித் திரையில் ‘ரிமோட்டைத் தேடுகிறது’ என்ற வரி சுற்றிக்கொண்டே இருந்தது. கிடைக்கவில்லை. டிவிக்குப் பின்னால் செருகியிருந்த, இணையத்தில் படம் காட்டும் ஸ்டிக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி செருகினான். மறுபடியும் அழுத்திப் பிடித்தான். மூன்றாவது முயற்சியில் சேர்ந்துகொண்டது.

“பேசிப் பாக்கலாமா?” என்று மைக் பட்டனை அழுத்தினான். “மழை பாட்டு போடு.”

திரையின் அடியில் ஒரு நீலக்கோடு நெளிந்தது. ‘மழை பாட்டு போடு’ என்று அவன் சொன்னதை அப்படியே எழுதிக் காட்டியது. தமிழில் எழுதும்படி மாற்றி வைத்தது ரிச்சர்ட்தான்.

நான் ரிமோட்டை வாங்கி அமைப்புகளுக்குள் போனேன். எதையும் முழுதாகப் படித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு. அங்கே ஒரு பட்டியல் இருந்தது.

ரிமோட் 1: இணைப்பில் உள்ளது. பேட்டரி முழுமை.

ரிமோட் 2: இணைப்பில் உள்ளது. பேட்டரி குறைவு.

“டெனி, இது இன்னா? ஒண்ணாவது பழசு, அதுவும் இணைப்புல கீதுன்னு காட்டுது.”

அவன் எட்டிப் பார்த்தான். “அது அப்டித்தான் அண்ணி காட்டும். பழைய கணக்கு. பேட்டரி கம்மின்னு போட்டுக்கீது பாருங்க, கடைக்காரன் ஏமாத்திட்டான். நான் போயி வேற வாங்கியாறேன்.”

மழைக்கோட்டைக்கூடப் போடாமல் போனான். கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அவன் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து போனது.

ரிமோட் 1: இணைப்பில் இல்லை.

அந்த எழுத்து என் கண் முன்னால் மாறியது. கூடவே அந்த வாடையும் போய்விட்டிருந்தது. அடுப்படியில் கொதித்த ரசத்தின் மணம் இப்போதுதான் எனக்கு எட்டியது.

உதவிப் பக்கத்தைத் திறந்து படித்தேன். ரிமோட் முப்பது அடிக்குள் இருந்தால் மட்டுமே இணைப்பு கிடைக்கும் என்று போட்டிருந்தது. பட்டியலுக்குத் திரும்பினேன்.

கேட் திறந்தது.

ரிமோட் 1: இணைப்பில் உள்ளது.

வாடை திரும்பி வந்தது. கால்வாய் வாடை இல்லை. ஏரியில் ஆகாயத்தாமரை அழுகிக் கிடக்கும் வாடை. ரிச்சர்டின் சட்டையைக் கையில் கொடுத்தபோது அதிலிருந்து வந்த அதே வாடை.

“டெனி, உன் பைல இன்னா கீது?”

“பையா? இன்னாத்துக்கு அண்ணி?”

“காட்டு.”

சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காட்டினான். வீட்டுச் சாவி, செல்போன், நனைந்த பேருந்துச் சீட்டு, இரண்டு பேட்டரி. வேறு எதுவும் இல்லை.

அப்போது திரையின் அடியில் நீலக்கோடு நெளிய ஆரம்பித்தது.

புது ரிமோட் என் கையில்தான் இருந்தது. நான் எதையும் அழுத்தவில்லை. பின்மூடியைத் தள்ளி அதிலிருந்த பேட்டரிகளைக் கொட்டினேன். அவை உருண்டு டெனிசனின் காலடிக்குப் போயின.

கோடு நிற்கவில்லை. யாரோ பேசக் காத்திருப்பதுபோல் மெல்ல ஏறி இறங்கியது.

‘டெனி’

எழுதியது. அழித்தது.

‘டெனி டெனி’

“அண்ணி, அத்த நிறுத்துங்க” என்றான்.

‘டெனி கை குடுறா’

ஜெர்சி அறை வாசலில் வந்து நின்றாள். கையில் பேனா இருந்தது. அவளும் திரையைத்தான் பார்த்தாள்.

‘பை இல்லடா கை’

‘கைய புடி’

வெளியே தூறல். உள்ளே எங்கோ தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். அது டிவியிலிருந்து வரவில்லை. டெனிசன் நின்ற இடத்திலிருந்து வந்தது. அவன் பாதத்தைச் சுற்றித் தரை நனைந்துகொண்டிருந்தது.

‘டெனி போவாத’

அவன் அப்படியே மடங்கி உட்கார்ந்தான்.

“நான்தான் அண்ணி ஓட்டினேன்” என்று கிசுகிசுத்தான். “அண்ணன் பின்னாடி உக்காந்துக்கினு இருந்தாரு. வளைவுல வழுக்கிக்கிச்சு. அவரு கால் மேல வண்டி. தண்ணி கழுத்து வரைக்கும்தான். கைய நீட்டினாரு.”

“நீ?”

“மழைன்னு என் செல்போன அவரு பைல போட்டு வெச்சிருந்தேன். அது அங்க கெடச்சா நானும் கூட இருந்தேன்னு தெரிஞ்சிடும். அவரு தோள்லேர்ந்து பைய உருவினேன். செல்ல எடுத்துக்கினு பைய ஏரிக்குள்ள வீசினேன். யாராவது பாத்து அண்ணனத் தூக்கிடுவாங்கன்னு நெனச்சேன் அண்ணி. சத்தியமா நெனச்சேன்.”

நீட்டிய கையை விட்டுவிட்டுப் பையை எடுத்திருக்கிறான். அந்தக் கையால்தான் பெட்டியையும் தூக்கியிருக்கிறான். எங்கள் வீட்டில் சோறு பிசைந்து சாப்பிட்டதும் அதே கைதான்.

ஜெர்சி முன்னால் வந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அப்பா குடிச்சிருந்தாரா?”

அவன் நிமிரவில்லை. “ரெண்டு பேருந்தான் குடிச்சோம்” என்றான்.

திரை அணைந்தது.

காவல் நிலையத்திலும் அதையேதான் எழுதிக் கொடுத்தான். வண்டி ஓட்டியதை ஒப்புக்கொண்டான், விட்டுவிட்டு ஓடியதையும் ஒப்புக்கொண்டான். ‘ரெண்டு பேருந்தான் குடிச்சோம்’ என்பதை மட்டும் மாற்றவில்லை. கூடக் குடித்தவரோடு விழுந்தால் அது விபத்து என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஜாமீனில் வெளியே வந்து வடக்குப்பட்டில் இருந்த தன் வீட்டுக்கே போய்விட்டான். உடற்கூறு அறிக்கை வர மாதங்கள் ஆகும் என்றார்கள். கல்லறைக்கு நான் தனியாகத்தான் போய்வந்தேன். ஜெர்சி படத்தைத் திருப்பவில்லை.

தினமும் அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். ரிமோட் 1, இணைப்பில் இல்லை. காலையில் பார்த்தாலும் இல்லை, சாயங்காலம் பார்த்தாலும் இல்லை. பயந்துகொண்டேதான் திறப்பேன். ஆனாலும், இருக்கக் கூடாதா என்று மனம் கேட்கும்.

டிசம்பரில் ஒரு காலை. ஜெர்சி பள்ளிக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். டெனிசனின் மனைவி புஷ்பம் போன் செய்தாள். அவளோடு எனக்குச் சண்டை கிடையாது. அவளையும்தான் அவன் ஏமாற்றியிருந்தான். கையில் மாவு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா” என்றாள். மூச்சு வாங்கியது. “எங்க வூட்டு டிவில எழுத்து வருதுக்கா.”

“இன்னா எழுத்து?”

“எங்களுது பழைய டப்பா டிவிக்கா. கேபிள் காசு கட்டாம கட் ஆயி ஒரு வாரமாவுது. வெறும் நீலமா கெடந்துச்சு. அதுல வருது.”

ஜெர்சியின் கை சடையிலேயே நின்றுவிட்டது.

“படி” என்றேன்.

புஷ்பம் எழுத்துக் கூட்டிப் படிப்பவள். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“‘டெனி... சாவியக் குடு... நீ குடிச்சிருக்க... நான் தொடலடா... எம் பொண்ணு தலைல... கை வெச்சிருக்கேன்... எறங்கு... நான் ஓட்டறேன்.’ இதையேதான்க்கா திரும்பத் திரும்ப எழுதுது.”

ஜெர்சி சுவரை நோக்கிப் போனாள். படத்தைத் திருப்பவில்லை. அதன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின.

“டெனி எங்க?” என்றேன்.

“இத்தப் பாத்துட்டு, பக்கத்து வூட்டு வண்டி சாவிய வாங்கிக்கினு போனாருக்கா. நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன்.” அவள் குரல் இறங்கியது. “ஸ்டார்ட் பண்ணாரு. வண்டி பின்னாடி அமுங்குச்சுக்கா. ஆளு ஏறி உக்காந்தா அமுங்குமே, அப்டி. அவரு மட்டுந்தான் இருந்தாரு.”

நான் டிவியைப் போட்டேன். மாவுக் கையோடு பட்டியலைத் திறந்தேன்.

ரிமோட் 1: இணைப்பில் இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்று அவர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. டெனிசன் வந்தான், அவனோடு வந்தார். அவன் போனான், அவனோடு போய்விட்டார். கட்டியவளுக்கும் பெற்ற மகளுக்கும் ஒரு சொல்கூட இல்லை. கைவிட்டவனிடம்தான் எல்லாப் பேச்சும்.

ஜெர்சி என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி மைக் பட்டனை அழுத்தினாள்.

“அப்பா, எங்ககிட்ட எப்பப்பா வருவ?”

நீலக்கோடு நெளிந்தது. திரை அவள் சொன்னதை எழுதியது. அதன் கீழே, ‘முடிவுகள் எதுவும் இல்லை.’

இருவரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை.

“அக்கா” என்றாள் புஷ்பம். “இங்க எழுத்து மாறுது.”

“இன்னான்னு?”

அந்தப் பக்கம் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

“‘இன்னும் ஷிப்டு முடியலம்மா’ன்னு எழுதுதுக்கா.”