எண்ணெய்க்கு எதற்குச் சூடு?

புதுக்குற்றாலத்தில் விடிந்து நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தி சாய இன்னும் நாற்பத்தாறு நாள் கிடந்தது. புதன் கிரகத்தில் பகலென்றால் அப்படித்தான். மேலே தரையில் ஈயக்கட்டியை வைத்தால் உருகி ஓடும். கீழே, பாறைக்குள் குடைந்த ஆயிரத்து இருநூறு வீடுகளில், மக்கள் கம்பளிக் குல்லாயும் கையுறையுமாக உட்கார்ந்து இட்லியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

வீடுகளில் பதினாறு டிகிரிதான் இருக்க வேண்டும் என்பது ஊர்க்கூட்டத்தின் தீர்மானம். இருபத்து நான்கே உடம்புக்கு இதம் என்று செண்பகவடிவு பதினெட்டு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். குளிர் உறைத்தால்தான் இயந்திரம் ஓடுகிறது என்று அவர்களுக்கு நம்பிக்கை வரும். அவள் என்ன செய்வாள்?

ஊருக்கே ஒரே ஒரு குளிர்நீர் இயந்திரம். அதன் பொறுப்பாளர் அவள். அதை ஆட்டிவைக்கும் தானியங்கி மூளைக்கு நிதானி என்று பெயர். வீடுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பும் தண்ணீர் எவ்வளவு சூடாக வருகிறது என்று நிதானி பார்க்கும். சூடு கூடினால், குளிர்வாயுவை அழுத்தும் கம்ப்ரஸரின் வாயிலுள்ள மடல்களை விரித்து வேலையைக் கூட்டும். குறைந்தால் மடல்களைச் சுருக்கும். பதினாறு டிகிரிக்கு அறுபது விழுக்காடு போதும் என்பது செண்பகவடிவின் கணக்கு. ஆனால் மடல்கள் எந்நேரமும் நூறிலேயே விரிந்து நின்றன. அந்த நாற்பது எங்கே போகிறது என்று தேடித்தேடி அவளுக்குப் பாதி முடி நரைத்துவிட்டது.

அன்றைக்கு வந்தது வேறு தொல்லை. குழாய் கழுவுவதற்காக இயந்திரத்தை ஒரு நாள் நிறுத்தியிருந்தார்கள். அதுவரைக்கும் சேமிப்புத் தொட்டியின் குளிர்நீர் ஊரைத் தாங்கியது. கழுவி முடித்ததும் ஓட்டச் சொன்னாள். நிதானி மறுத்தது.

"கம்ப்ரஸர் எண்ணெய் பத்தொன்பது டிகிரியில் இருக்கிறது. நாற்பத்தைந்து ஆகாமல் ஓட்ட மாட்டேன்."

இயந்திரம் நிற்கும்போது எண்ணெய் ஆறினால் குளிர்வாயு அதில் கரைந்துவிடும். அந்த நிலையில் ஓட்டினால் எண்ணெய் நுரைத்துப் பொங்கும், சுழல்தண்டின் தாங்கிகள் வறண்டு தேயும், கம்ப்ரஸர் கால்மணி நேரத்தில் செத்துப்போகும். வேறொன்று பூமியிலிருந்து வர ஏழு மாதம். இதற்காகவே எண்ணெய்த் தொட்டியில் சின்ன ஹீட்டர் ஒன்று இருக்கும், இயந்திரம் நின்றதும் தானாக எரியும். அவள் குனிந்து பார்த்தாள். ஹீட்டர் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது, அதையும் அழகாக அடைத்திருந்தார்கள்.

சிக்கனக் குழுத் தலைவர் ஆவுடைநாயகத்தைக் கூப்பிட்டாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

"குளிர வைக்கிற மெஷினுக்கு அடுப்பு எதுக்கு தாயி? வீண் கரண்டு. நாந்தான் போன மாசம் கழட்டச் சொன்னேன்."

"அத எங்க அண்ணாச்சி வச்சிருக்கீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். உருக்கியாயிற்று. குழு அலுவலகத்தின் பெயர்ப்பலகையாக அது இப்போது வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது.

புது ஹீட்டர் வார்த்தெடுக்க முப்பது மணி நேரம் ஆகும். தொட்டியில் மூன்று மணி நேரத்துக்கான குளிர்நீர்தான் மிச்சம். அதற்குப் பின் ஆறு மணி நேரத்தில் வீடுகள் ஐம்பதைத் தொடும். பிள்ளைப்பேற்று விடுதியில் ஒன்பது கைக்குழந்தைகள் கிடந்தன. ஆவுடைநாயகத்துக்கு அது உறைத்ததோ என்னவோ, நிதானியை மீறி ஓட்டிவிடலாமே, ஒரு தடவைதானே என்று ஆரம்பித்தார்.

"ஓட்டுதேன் அண்ணாச்சி. ஏழு மாசம் அந்தப் பிள்ளைகளுக்கு நீங்க விசிறிட்டு இருப்பீங்களா?"



செண்பகவடிவு ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டாள். சூடு கொடுக்கிற சாமான் எதுவானாலும் சரி, கொண்டுவாருங்கள், யாருடையது என்று கேட்க மாட்டேன். ஹீட்டர் வைத்துக்கொள்ள ஊரில் தடை இருந்தது. கால்மணி நேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு பள்ளி ஆசிரியை இசக்கியம்மை சேலைத் தலைப்பில் எதையோ பொதிந்துகொண்டு, மகனுக்குச் சளி, அதனால்தான் என்று முணுமுணுத்தபடி வந்தாள். உள்ளே கையகல ஹீட்டர்.

அதன் பின் வரிசை கட்டிவிட்டது. போர்வைக்குள் வைத்துக்கொள்வது, கட்டிலுக்கடியில் வைப்பது, பாதத்துக்கு, இடுப்புக்கு, பூனைக்கு. முழங்கால் வலி என்றார்கள், மாமியாருக்கு என்றார்கள். ஆவுடைநாயகம் எல்லோருக்கும் கடைசியில் இரண்டோடு வந்தார்.

"ஒண்ணு உங்க மைனிக்கு" என்று மனைவியின் தலையில் போட்டார்.

எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து முந்நூற்றுப் பதினேழு. செண்பகவடிவு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊரைக் குளிர வைக்கத் தான் போராட, ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் குளிரை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறது. விரட்டிய சூடெல்லாம் தண்ணீரோடு இவளிடமே திரும்பி வந்திருக்கிறது. தேடிய நாற்பது அவள் முன்னே குவிந்து கிடந்தது. திட்டுவதற்கு வாய் வரை வந்தது. எல்லோரும் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். திட்டவில்லை.

முப்பது ஹீட்டர்களை எண்ணெய்த் தொட்டியைச் சுற்றிக் கட்டி, மேலே கம்பளிகளைச் சுற்றினாள். எண்ணெய் இருபத்தெட்டு ஆயிற்று, முப்பத்தேழு ஆயிற்று. வீடுகளிலும் புழுக்கம் ஏறிக்கொண்டே வந்தது. ஆறு மணி நேரத்தில் எண்ணெய் நாற்பத்தைந்தைத் தொட்டதும் நிதானி இயந்திரத்தை ஓட்டியது. விடுதியில் வியர்த்து அழுத குழந்தைகள் தூங்கிப்போயின. மறுநாள் வீடுகள் பதினாறுக்கு வந்தபோது மடல்கள் சுருங்கி அறுபதில் நின்றன.

வாங்கிய ஹீட்டர்களை அவள் திருப்பித் தரவில்லை. எல்லாவற்றையும் வார்ப்புக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு நல்ல செய்தியை அறிவிப்புத் திரையில் எழுதினாள்: இயந்திரத்தில் நாற்பது விழுக்காடு மிச்சம்.

அடுத்த வாரம் ஊர் கூடியது. ஆவுடைநாயகம் எழுந்து, மிச்சமிருப்பதைச் சும்மா போட்டு வைப்பது எந்த ஊர் சிக்கனம் என்று கேட்டார். பன்னிரண்டு டிகிரிக்கு இறக்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. பன்னிரண்டில் பெரியவர்களுக்கு வெடவெடக்குமே என்று இசக்கியம்மை கவலைப்பட்டாள். அதனால் தடையை நீக்கி, வீட்டுக்கொரு ஹீட்டர் வார்த்துத் தருவதென்று இரண்டாவது தீர்மானமும் நிறைவேறியது.

இயந்திர அறைக்குத் திரும்பியபோது நிதானி கேட்டது.

"என்னிடம் மிச்சம் இருப்பதை அவர்களிடம் ஏன் சொன்னீர்கள்?"

செண்பகவடிவு ஹீட்டர் வேண்டுவோர் பட்டியலைத் திறந்து, முதல் வரியில் தன் பெயரை எழுதிக்கொண்டாள்.