உப்பில்லாத தட்டு

மகனுக்கென்று ஆற்றி வைத்திருந்த கஞ்சியை ஒரு வாய் ருசி பார்த்ததும் குப்பம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. கஞ்சியில் உப்பு!

"பழனியாண்டவனுக்குன்னு விட்ட உப்பை எம்மவனுக்குப் போட்டிருக்கியே... அவன் எந்திரிச்சு நடக்கக் கூடாதுன்னே இருக்கியா?"

போன பேரிக்காய்ப் பருவத்தில் மரத்திலிருந்து விழுந்து பொன்னுவேலின் கழுத்து முறிந்தது. அவன் நடந்து பழனி மலை ஏறும்வரை அவனுக்கு உப்பில்லாச் சோறு என்று அன்றே அவள் நேர்ந்துகொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்திருந்த மருமகள் விசாலாட்சியைப் பார்த்துத்தான் கத்தினாள். கல்யாணமாகி அட்டுவம்பட்டிக்கு வந்த புதிதில் அவள் குழம்பில் எப்போதும் உப்பு தூக்கல். "கடலையே கரைச்சு ஊத்திட்டியா?" என்று கேலி செய்துகொண்டே பொன்னுவேல் மறுசோறு கேட்பான். அந்தச் சிரிப்பு எத்தனை அழகு! அதே மனிதன் பிறகு சாய்த்து உட்கார வைத்தாலே மயங்கினான். பெற்றவளையே யாரென்று கேட்டான். தண்டுவடம் அடிபட்டதில் ரத்த அழுத்தம் தாழ்ந்து, ரத்தத்தில் உப்பும் குறைந்துவிட்டது, உப்பு சேர்க்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. சாமியைவிட டாக்டர் பெரிதா என்று அத்தை ஒரே பேச்சில் அடக்கிவிட்டாள். அதன்பிறகுதான் விசாலாட்சி தெரியாமல் கலந்தாள். அவன் தேறத் தேற, எல்லாம் தன் நேர்த்தியின் பலன் என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள்.

"இன்னைக்கே அடுக்கத்துக்கு, உன் ஆத்தா வீட்டுக்குப் போயிரு. நீ மட்டும் என்ன ருசியாத் திங்கிறேன்னு பாப்போம்."

மருமகளின் தட்டிலிருந்து பழையசோற்றை எடுத்து வாயில் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டுக்கொள்ள வைத்திருந்த துவையலையும் நக்கிப் பார்த்தாள். இரண்டிலும் உப்பே இல்லை.

"என்னத்தா இது?"

"சாமிக்குச் சொன்ன சொல்லு பொய்யாயிரக் கூடாதுல்ல அத்தை... அவருக்கு உப்புப் போட்ட நாள்லருந்து அவரு விரதத்தை நாந்தான் இருக்கேன்."

குப்பம்மாள் உப்புச் சாடியை எடுத்து வந்து அந்தத் தட்டில் தூவினாள்.

"நேந்தவ நானு. இனிமே எஞ்சோத்துக்குத்தான் உப்பு வேணாம்... நீ சாப்பிடுத்தா."

விசாலாட்சி அவளைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாள் அடக்கிய அழுகையெல்லாம் அழுது தீர்த்தாள்.

பிறகு குப்பம்மாளே அந்தக் கஞ்சியை எடுத்துப்போய் மகனுக்கு ஊட்டினாள். தலையணையில் சாய்ந்திருந்த பொன்னுவேல் மயங்கவில்லை. வாசலில் நின்ற மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

"உப்பு தூக்கல்" என்றான். பிறகு இன்னொரு வாய் கேட்டான்.