சுறாவுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு

சுறாவைக் கட்டி முடிப்பதற்கு முன்பே அதற்கு எத்தனை படிகள் என்று தெரிந்த ஒரே ஆள் ரேடியோதான். மொத்தம் நூற்று இருபத்தாறு.

ரேடியோ என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. ஆறாம் வகுப்பில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். காலையில் வகுப்புக்குள் கால் வைத்ததும் பேச ஆரம்பித்தால், டீச்சர் வரும்வரை நிறுத்த மாட்டாள்.

அவளிடம் செய்திக்குப் பஞ்சமே இல்லை. அம்மா கடற்கரை ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடம் நடத்தினார். அதற்கு நேர் மேலே அவர்கள் வீடு. வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே பெரிய நீர் விளையாட்டுப் பூங்கா. ஒரு வருடமாக அது கொஞ்சம் கொஞ்சமாக எழும்புவதை அவள் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து சுறாவோட வாலை லாரியில கொண்டு வந்தாங்க. லாரி திரும்பவே முடியல!"

"இன்னிக்குப் பல்லு மாட்டப் போறாங்க. ஒவ்வொரு பல்லும் நம்ம கரும்பலகை அளவு!"

சுறா என்பது ஒரு பெரிய சறுக்குக் குழாய். படியேறி உச்சிக்குப் போய்ச் சுறாவின் வாய்க்குள் படுக்க வேண்டும். இருட்டுக்குள் மூன்று சுற்றுச் சுற்றி, வால் வழியாகக் குளத்தில் வந்து விழ வேண்டும்.

பூங்கா திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், வெள்ளோட்டம் பார்க்க ஆறாம் வகுப்பு முழுவதையும் அழைத்திருந்தார்கள்.

"நான்தான் முதல் ஆள். யாரும் போட்டிக்கு வராதீங்க. கடல்லயே நீந்துறவ நான், இதெல்லாம் எனக்கு எம்மாத்திரம்?" என்றாள் ரேடியோ.

பிறகு கடைசி வரிசைப் பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு பையன் பென்சிலை மெதுவாகச் சீவிக்கொண்டிருந்தான். சாப்பிடுவது, எழுதுவது, நடப்பது என்று எல்லாமே அவனுக்கு நிதானம்தான். மூன்றாம் வகுப்பிலேயே அவனுக்கு நத்தை என்று பெயர் வைத்தவள் ரேடியோ.

"நத்தை, நீ வராம இருக்கிறது நல்லது. நீ பயந்து பயந்து மேல ஏறுறதுக்குள்ள பார்க்கையே மூடிடுவாங்க!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நத்தை பென்சில் தூளை ஊதிவிட்டு, "வருவேன்" என்று மட்டும் சொன்னான்.

அந்த நாளும் வந்தது. சொன்னபடியே ரேடியோதான் முதலில் ஏறினாள். பின்னால் இருபத்தாறு பேர். படி குறுகலாக இருந்ததால் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடிந்தது.

உச்சியில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு அக்கா நின்றிருந்தார்.

"வா வா, முதல் ஆள்! உட்கார்ந்து கையைக் கட்டிக்கிட்டுப் படு. நான் சொன்னதும் போகலாம்."

ரேடியோ சுறாவின் வாய்க்கு அருகே போனாள். உள்ளே ஒரே இருட்டு. தண்ணீர் சலசலவென்று பாய்ந்து அந்த இருட்டுக்குள் போய் மறைந்தது. அது எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

ஜன்னலிலிருந்து பார்த்தபோது இந்த இருட்டு தெரியவே இல்லையே!

"உட்காரும்மா."

"ஒரு நிமிஷம் அக்கா."

அவள் உட்காரப் பார்த்தாள். முழங்கால் மடங்க மறுத்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்த விரல்கள் அவள் பேச்சைக் கேட்கவே இல்லை.

"இன்னும் ஒரே ஒரு நிமிஷம் அக்கா."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "என்ன ரேடியோ, கரண்ட் போயிடுச்சா?"

"எனக்கு... எனக்கு பாத்ரூம் போகணும்" என்றாள் ரேடியோ.

மஞ்சள் சட்டை அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "பரவாயில்லம்மா, இறங்கிப் போ" என்று மெல்லச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதுகாப்பு விதிப்படி கீழே பார்த்துச் சத்தமாகக் குரல் கொடுத்தார். "இறங்குறவங்களுக்கு வழி விடுங்க! ஒருத்தங்க இறங்கி வர்றாங்க!"

இருபத்தாறு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ரேடியோ ஒவ்வொருவரையும் உரசிக்கொண்டே இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு முகம். ஒவ்வொரு முகத்திலும் ஒரு சிரிப்பு.

"அன்பான நேயர்களே, தடங்கலுக்கு வருந்துகிறோம்!" என்றான் ஒருவன். படிக்கட்டு முழுவதும் சிரிப்பு உருண்டோடியது.

அவள் காது மடல்கள் நெருப்பாகச் சுட்டன.

வரிசையின் கடைசியில் நத்தை நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை. வயிற்றை எக்கிக்கொண்டு அவளுக்கு நிறைய இடம் விட்டான். அவள் கடந்து போகும்வரை சுவரில் ஏதோ படம் இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மற்றவர்கள் சிரித்ததைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

கால் மணி நேரம் கழித்து நத்தையும் வால் வழியாகக் குளத்தில் வந்து விழுந்தான். கண்ணை இறுக மூடியிருந்தான், மூக்கில் தண்ணீர் ஏறியிருந்தது. ஆனாலும் வந்துவிட்டான். ரேடியோ அதைத் துண்டுகள் கொடுக்கும் அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

திரும்பும் பேருந்தில் ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்தார்கள். 'எங்கள் பூங்காவில் எதை மாற்றலாம்? தயங்காமல் எழுதுங்கள்' என்று அதில் அச்சிட்டிருந்தது. எல்லோரும் 'இன்னும் ஐஸ்கிரீம் கடை வேண்டும்' என்று எழுதினார்கள். ரேடியோ தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு பெரிய விரிப்பின் இரண்டு முனைகளை அவளிடம் நீட்டினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிப்பது வழக்கம்.

"எப்படிடி இருந்துச்சு?"

"சூப்பரா இருந்துச்சும்மா."

"முதல் ஆளாப் போனியா?"

ரேடியோ விரிப்பைத் தூக்கிப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். "ம்."

"எனக்குத் தெரியும்! மத்தியானமே பக்கத்து வீட்டு அத்தைகிட்ட, 'என் பொண்ணுதான் முதல்ல போயிருப்பா'ன்னு சொல்லிட்டேன். ஹோட்டல் வண்டிக்காரர்கிட்டயும் சொன்னேன்."

அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. ரேடியோவின் கையிலிருந்து விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது.

"ஐயோ, துவைச்ச துணிடி!"

மறுநாள் காலையில் துணி எடுக்க வந்த வண்டிக்காரர் அவளைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்து ஒரு சலாம் போட்டார். "வணக்கம், சுறா ராணி!" ரேடியோ மாடிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சனிக்கிழமை. ஜன்னலருகே உட்கார்ந்து சுறாவைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. அப்போது சுறாவின் முதுகுப் பக்கமாக ஒருவர் கருவிப் பெட்டியோடு இறங்கி வந்தார். பின்பக்கம் ஒரு சுழல் இரும்புப் படி இருந்தது. கட்டும்போது வேலையாட்கள் அதில்தான் ஏறி இறங்குவார்கள். டீ குடிக்க அதிலேயே வரிசையாக உட்காருவார்கள். பிறகு மேலே கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

ரேடியோ மஞ்சள் தாளைப் பிரித்து எழுதினாள்.

'மேலே போன பிறகு சிலருக்குப் பயம் வரும். இறங்க வேறு வழி இல்லை. எல்லோரும் பார்க்க இறங்குவது சறுக்குவதைவிடப் பயமாக இருக்கிறது. பின்னால் ஒரு படி இருக்கிறது. அதைத் திறந்து விடலாம்.'

கீழே பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டாள். திங்கட்கிழமை டீச்சர் தாள்களை வாங்கியபோது மற்றத் தாள்களின் நடுவே அதைச் செருகிக் கொடுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பூங்காவின் மேலாளர் மேடம் வகுப்புக்கு வந்தார். அவர் கையில் மஞ்சள் தாள்கள்.

"இருபத்தஞ்சு பேர் ஐஸ்கிரீம் கேட்டிருக்கீங்க. ஒருத்தர் டீச்சருக்கும் சேர்த்து இலவசமாக் கேட்டிருக்கார்" என்றார் அவர். டீச்சர்கூடச் சிரித்துவிட்டார்.

"ஆனா இந்த ஒரு தாளை நான் மூணு தடவை படிச்சேன்" என்று அவர் ரேடியோவின் தாளை உரக்கப் படித்தார். "இதுல பேர் இல்ல. யார் எழுதினது? அந்தப் பின்படி எங்கே இருக்குன்னு தெரியணும். நான் இந்த மாசம்தான் வேலைக்குச் சேர்ந்தேன்."

ரேடியோ மேசையில் இருந்த மைக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற யாரு? நத்தைதான் எழுதியிருப்பான்!" என்றது ஒரு குரல்.

"ஆமா, பயந்தாங்கொள்ளி நத்தை!"

வகுப்பு சிரித்தது. நத்தையின் முகம் சிவந்தது. அவன்தான் சறுக்கிக் காட்டிவிட்டானே! அதை அவன் சொல்லியிருக்கலாம். படியில் இறங்கி வந்தது யார் என்றும் சொல்லியிருக்கலாம். அவன் எதையும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தான்.

அந்தப் பெயரை வைத்தது நான். அதை வைத்து எல்லோரையும் சிரிக்கப் பழக்கியதும் நான். இப்போது எனக்கான சிரிப்பையும் அவனே வாங்கிக்கொள்கிறான். இப்படி நினைத்ததும் ரேடியோவால் அந்த மைக் கறையை அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவள் எழுந்தாள்.

"அவன் எழுதல மேடம். நான்தான் எழுதினேன்."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"பாத்ரூம் போகணும்னு சொன்னது பொய். உள்ளே இருட்டைப் பார்த்துப் பயந்துட்டேன். அவன் பயந்துட்டே போனாலும் போயிட்டான். நான் போகல."

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். முன்வரிசையில் ஒரு பெண் மெல்லக் கை தூக்கினாள். "மேடம், எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா ரேடியோவைப் பார்த்துச் சிரிச்சதைப் பார்த்ததும், சிரிப்புக்குப் பயந்தே சறுக்கிட்டேன்."

"நானும்" என்றான் தடங்கலுக்கு வருந்தியவன். அவன் காதும் சிவந்திருந்தது.

மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, அந்தப் படி எங்கே?"

ரேடியோ கரும்பலகையில் சுறாவை வரைந்து இடத்தைக் காட்டினாள். "மேல வலது பக்கம், நீலக் கதவு."

"அதுவா! அது துடைப்பம் வைக்கிற அலமாரின்னுல்ல நினைச்சேன்!"

பள்ளி விட்டதும் ரேடியோ நத்தைக்காகக் காத்திருந்தாள். நிறைய நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவன் பையைப் பூட்டவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வான்.

"மன்னிச்சுக்கோ. அந்தப் பேரை இனிமே சொல்ல மாட்டேன்."

நத்தை யோசித்தான். "பேர் பரவாயில்ல. எனக்கு நத்தையைப் பிடிக்கும். நீ சொல்ற விதம்தான் பிடிக்கல."

"எப்படிச் சொல்லணும்?"

"சும்மா, நத்தைன்னு."

"நத்தை" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"ம், இப்படித்தான்."

வீட்டில் அம்மாவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ரேடியோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அம்மா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"சறுக்கலன்னா என்னடி? அதை ஏன் என்கிட்டயே மறைச்சே?"

ரேடியோவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார். "சரி, பக்கத்து வீட்டு அத்தைகிட்ட நான் அளந்து விட்டதுக்கு என்ன பண்றது?"

"நானே போய்ச் சொல்றேன்மா."

"வண்டிக்காரர்?"

"அவர்கிட்டயும் சொல்றேன்" என்றாள் ரேடியோ. அன்று மாலையே சொல்லியும் விட்டாள்.

பூங்கா திறந்த முதல் ஞாயிறன்று ரேடியோவும் நத்தையும் சுறாவின் பின்பக்கம் நிழலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நத்தையின் ஐஸ்கிரீம் பாதி உருகி முழங்கை வரை வழிந்திருந்தது.

சுழல் படியில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. ஆஜானுபாகுவான ஒருவர் இறங்கி வந்தார். பெரிய மீசை. கை ஒவ்வொன்றும் தூண்போல இருந்தது. உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

அவர்களைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றார்.

"இங்க... இங்க குழாய் எங்கேயாவது இருக்கா பாப்பா? தலையை மட்டும் கொஞ்சம் நனைச்சுக்கணும். என் பொண்ணு முன்பக்கம் காத்துட்டு இருக்கா. அஞ்சு வயசு. அப்பா வாலு வழியா வருவார்னு பார்த்துட்டு இருக்கா."

ரேடியோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"குழாய் அந்தப் பக்கம் இருக்கு அங்கிள். ஆனா உண்மையைச் சொல்லிடுறதுதான் சுலபம். நான் சொல்லாம விட்டு, மூணு பேர்கிட்டப் போய்ச் சொல்ல வேண்டியதாப் போச்சு."

அவர் மீசையைத் தடவினார். குழாய் இருந்த பக்கம் பார்த்தார், முன்பக்கமும் பார்த்தார். பிறகு பெரிதாக மூச்சு விட்டு முன்பக்கமே நடந்தார்.

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் சிவப்பு நீச்சல் உடை போட்ட ஒரு குட்டிப் பெண்ணின் முன்னால் குனிந்து ஏதோ சொன்னார். அவள் இடுப்பில் கை வைத்துக் கடைசி வரை கேட்டாள். பிறகு அவர் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சின்னக் குழந்தைகள் விளையாடும் குளத்துக்குப் போனாள். அங்கே ஒரு ஆமைச் சறுக்கு இருந்தது. அதற்கு மொத்தம் நான்கே படிகள்.

"பயப்படாதேப்பா, நான் கீழே நிக்கிறேன்!" என்று அவள் கத்துவது இவர்களுக்கே கேட்டது.

அந்தப் பெரிய மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சறுக்கினார். குளத்துத் தண்ணீரில் பாதி வெளியே தெறித்தது.