கீழே நின்ற காவல்காரன்

இந்தோனேசியாவின் சூரபாயா நகரம். நோன்பு மாதம். பிற்பகல் மூன்று மணி.

பேருந்து நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து பயணிகளின் போன் நம்பர்கள் திருடு போயிருந்தன. போனவை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. இந்தக் காலத்துத் திருட்டின் நாகரிகம் அப்படி. பெருநாளுக்கு ஊர் போக டிக்கெட் எடுத்தவர்களை யாரோ கூப்பிட்டு, "உங்க சீட் ரத்தாயிடுச்சு, மறுபடி பணம் கட்டுங்க" என்று கறந்துகொண்டிருந்தார்கள்.

முதலாளி பாக் சுகொண்டோ ('பாக்' என்றால் அங்கே ஐயா, 'இபு' என்றால் அம்மா) குற்றவாளியைத் தயாராக வைத்திருந்தார்: சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நஸ்தித்தி.

"இவதான் வித்திருக்கா. வேலையை விட்டுத் தூக்கியாச்சு. நீங்க உள்ள தூக்கிப் போடுங்க, இபு," என்றார் காவல் ஆய்வாளரிடம், கம்பளிச் சட்டையை இழுத்துவிட்டபடி. வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது.

ஆய்வாளர் இபு லாரஸ்மி நஸ்தித்தியின் பக்கம் திரும்பினார். பசி அவரைக் கூர்மையாக்கியிருந்தது.

"நீ என்னம்மா சொல்றே?"

"சர்வர்லேர்ந்து வெளியே போற வழியெல்லாம் போன வாரமே அடைச்சிட்டேன், இபு. பேங்குக்கு ஒண்ணு, எஸ்எம்எஸ்ஸுக்கு ஒண்ணு, ரெண்டே வாசல். மத்த எதையும் தடுக்கணும்னு கடைசி விதி."

"காட்டு."

திரையில் விதிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எத்தனை முறை வேலை செய்தது என்ற எண். தடுக்கும் விதிக்கு நேரே பூஜ்ஜியம்.

"பாத்தீங்களா? யாருமே வெளியே போகப் பாக்கல," என்றார் முதலாளி.

"அப்ப நம்பரெல்லாம் ஆவியாப் போச்சா, பாக்?" லாரஸ்மியின் விரல் வரிசையின் உச்சிக்குப் போனது. "இது என்னம்மா?"

நஸ்தித்தி வெளிறினாள். "'எல்லாரும் போகலாம்.' இது நான் போட்டதில்ல!"

விதிகள் மேலிருந்து கீழே படிக்கப்படும். முதலில் பொருந்துவதே தீர்ப்பு. மேலே ஒருவன் எல்லாரையும் அனுப்பிவிட்டால், கீழே நிற்கும் காவல்காரன் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

"பாஸ்வேர்டு வேற யார்கிட்ட இருக்கு?"

"முதலாளிகிட்ட. கேட்டு வாங்கிக்கிட்டார்."

"சர்வர் ரூம்ல குளிர் எப்படி?"

"பல்லு தந்தியடிக்கும், இபு."

"பாக், இந்த ஊர் வெயில்ல கம்பளிச் சட்டையோட அலையற ஒரே ஆள் நீங்கதான். மத்தியானம் எங்க படுக்கறீங்க?"

முதலாளி தரையைப் பார்த்தார். "நோன்பு வெச்சிட்டு வேற எங்க இபு தலை சாய்க்கிறது? சும்மா படுத்தா பொழுது போகல. சர்வர்லயே ஒரு படம் இறக்கலாம்னு பாத்தேன். வழி அடைச்சிருந்துச்சு. இணையத்துல எவனோ எழுதியிருந்த வரியை அப்படியே ஒட்டினேன், பழைய எண்ணெல்லாம் பூஜ்ஜியமாகி வழி திறந்துச்சு."

"படத்தோட ஒரு திருட்டு நிரலும் வந்திருக்கு," என்றார் லாரஸ்மி, அந்தப் படக் கோப்பைத் திரையில் காட்டி. " நீங்க திறந்த வழியாத்தான் நம்பரெல்லாம் போயிருக்கு."

நஸ்தித்தி உச்சி விதியை அழித்தாள். நிரலைத் தேடிப்பிடித்துப் பிடுங்கினாள். பிறகு கேட்டாள்:

"நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா, பாக்?"

"வரணும்மா."

"அப்ப பயணிங்களுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லணும். ஒவ்வொருத்தரா."

முதல் பயணி எடுத்தார். "அஸ்ஸலாமு அலைக்கும், அம்மா. பஸ் கம்பெனி முதலாளி பேசறேன். யார் கேட்டாலும் பணம் அனுப்பாதீங்க..."

"அடேய், இது புதுத் தினுசா இருக்கே! நோன்பு வெச்சிருக்கேன், வாயைக் கிளறாதே. வைடா!"

அந்த வாரத்தில் நஸ்தித்தி முதல்முறையாகச் சிரித்தாள்.

"இவங்க பொழச்சிக்குவாங்க, பாக். அடுத்த நம்பர்."