எந்த ஒயர் யார் வீட்டுக்கு?

பிணத்தை எடுத்து மூன்று நாள் ஆகிவிட்டது.

ஆனாலும் அந்த அபார்ட்மெண்டுக்குள் கால் வைக்கப் பூமிநாதனுக்குக் கூசியது.

கூச்சம் பிணத்தால் அல்ல... ஒயரால்!

ராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம், எட்டு வீடுகள். மூன்று வருடம் முன்பு கட்டும்போதே சுவருக்குள் நெட் ஒயர் ஓட்டியவன் பூமிநாதன்தான். இரண்டாம் மாடியில் எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்றில் மலையாண்டி, உத்தரகோசமங்கைப் பக்கம் நிலபுலன் உள்ளவர். திங்கட்கிழமை காலையில், உட்கார்ந்த நாற்காலியிலேயே, கழுத்தில் நைலான் கயிறோடு கிடந்தார்.

எதிர்வீட்டில் சுஐபு. இறால் பண்ணை போட மலையாண்டியின் கடற்கரை நிலத்தைக் கேட்டுப் பார்த்து, கிடைக்காமல் போனவன்.

'நிலத்தைக் கொடு... இல்லாவிட்டால் உயிரைக் கொடு!'

இப்படி மூன்று மெயில். மலையாண்டியோடு தங்கியிருந்த அக்காள் மகன் முனியசாமியின் முகவரிக்கு வந்திருந்தன. மூன்றும் சுஐபின் நெட் இணைப்பிலிருந்து போனவை.

வீட்டில் நெட்டே கிடையாது, மெயில் பார்க்க பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டருக்குத்தான் போவேன் என்று முனியசாமி போலீசிடம் எழுதிக் கொடுத்துவிட்டான். மாமாவின் நிலத்துக்கு இனி அவன் ஒருத்தன்தான் வாரிசு.

மாடிப்படிக்குக் கீழே இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே சுஐபின் மோடம், பச்சை விளக்கு சிமிட்டியபடி.

இன்ஸ்பெக்டர் தவசி குனிந்து பார்த்தார்.

"யோவ் பூமி, இதுல ரெண்டு ஒயர் சொருகியிருக்கே. ரெண்டும் எங்கன போகுது?"

பதில் கைவிலங்கோடு நின்ற சுஐபிடமிருந்து வந்தது.

"ஒண்ணு எங்க ஹாலுக்கு சார். இன்னொன்னு பெட்ரூமுக்கு, சும்மா கிடக்கு. அண்ணன் வேலைல தப்பு இருக்காது. அவரையே கேளுங்க."

பூமிநாதன் தரையைப் பார்த்தான்.

போன வருடம் சுஐபு நெட் வாங்கினான். சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஒயரிலேயே மேலே கொண்டுவரச் சொன்னான். பெட்டிக்குள் எட்டு ஒயர். எட்டும் நீலம். எதிலும் வீட்டு எண் இல்லை. எழுதாமல் விட்டது பூமிநாதனேதான்! இரண்டாம் மாடிக்குப் போகும் குழாயில் இரண்டு ஒயர் வந்தன. எது சுஐபுக்கு, எது மலையாண்டிக்கு? மேலே ஏறி டெஸ்டர் வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரம் ஆகும்.

இரண்டையும் சொருகினான். விளக்கு எரிந்தது. போய்விட்டான்.

ஏன் இரண்டு என்று சுஐபு கேட்டபோது பெட்ரூம் கதையைச் சொன்னான். சுஐபு நம்பினான். டீ வாங்கிக் கொடுத்தான்.

ஒரு மாதம் கழித்து முனியசாமி போன் செய்தான். தன் வீட்டுச் சுவரிலும் நெட் வருகிறதே, யாருடையது என்று கேட்டான். அன்றே வந்து பிடுங்கியிருக்கலாம். வந்தால் சுஐபின் முகத்தில் முழிக்க வேண்டும்.

"வந்தா வரட்டும்ணே. வெளிய சொல்லிராதீங்க" என்றான் பூமிநாதன்.

அந்த ஒரு வார்த்தை இப்போது கயிறாகி...

தவசி ஒரு தாளை நீட்டினார். இரண்டு ஒயரும் சுஐபின் வீட்டுக்கே போகின்றன என்று எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

கூடவே நின்றிருந்த முனியசாமி பக்கத்தில் வந்து, பேனாவை எடுத்துக் கொடுப்பவன் போலக் குனிந்தான்.

"வாயத் தொறந்தா நீயும்தான் மாட்டுவ. போட்டுட்டுப் போயிரு."

பேனா தாளைத் தொட்டது.

அங்கேயே நின்றுவிட்டது. மோடம் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"சார்... ஒண்ணுதான் சுஐபு வீட்டுக்கு. இன்னொன்னு செத்தவரு வீட்டுக்கு. அந்த மெயிலு அங்கேருந்தும் போயிருக்கலாம்."

எல்லாவற்றையும் சொன்னான். பொய்யையும், போனையும். சொல்லி முடிக்கும்வரை சுஐபு இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

முனியசாமி சிரித்தான். தன் வீட்டுச் சுவரில் உயிருள்ள ஒயரே கிடையாது, வேண்டுமானால் வந்து பார்க்கலாம் என்றான்.

எல்லோரும் மேலே போனார்கள். ஹாலில் பீரோவை நகர்த்தினார்கள். பின்னால் நெட் பாயிண்ட். பூமிநாதன் டெஸ்டரைச் சொருகினான்.

விளக்கு எரியவில்லை!

"நாந்தான் சொன்னேன்ல" என்றான் முனியசாமி. "கட்டுன நாள்லேருந்து செத்த ஒயரு சார் இது. யாரும் தொட்டதே இல்ல."

தவசியின் முகம் கடுத்தது.

பூமிநாதன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினான். உள்ளே அந்த ஒயரின் எட்டுச் செம்பு இழையும் ஒரே வெட்டாக வெட்டப்பட்டிருந்தன.

வெட்டிய முனைகளை விரலால் தடவினான்.

"சார், இந்த ஊரு உப்புக்காத்துல வெட்டுன செம்பு ஒரு மாசம் தாங்காது. கறுத்துப் பச்சை பூத்துரும். இதப் பாருங்க."

தவசி டார்ச்சை அடித்தார்.

எட்டு முனையும் புது மோதிரம் போல மினுங்கின!

"மூணு வருசத்து வெட்டு இல்ல சார். மூணு நாள் வெட்டு."

முனியசாமி வாசல் பக்கம் ஓரடி வைத்தான். வாசலில் கான்ஸ்டபிள் நின்றார். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

கீழே சுஐபின் விலங்கைக் கழற்றி, முனியசாமிக்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். சுஐபு மணிக்கட்டைத் தடவிக்கொண்டே நின்றான்.

"தம்பி..." என்றான் பூமிநாதன்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே. நான் என்ன அடிக்கவா போறேன்?"

அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது பூமிநாதனுக்கு. எட்டு வீட்டு ஜன்னல்களும் திறந்திருந்தன. தலையைக் குனிந்தபடி சைக்கிளை நோக்கி நடந்தான்.

"யோவ், எங்க போற? நீயும் ஏறு!" என்றார் தவசி.

"நானுமா சார்?"

"இதுல அவன் செஞ்சது எது, நீ செஞ்சது எதுன்னு பிரிச்சுப் பாக்க ஒரு மணி நேரம் ஆகும்யா. அதான் உன்னைய மாதிரியே... ரெண்டையும் சொருகிட்டேன்!"